உறைமோர் வீட்டுப் புளிப்பு

மூடுபனி ஆள் பார்த்துப் பக்கம் சேரத் தொடங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து மேட்டு டிவிஷனின் பழைய கொழுந்து வாட்டும் கொட்டகையில் இருந்தவர்கள் இவர்கள்: கங்காணியார் குடும்பத்தின் மூத்தவரும் தோட்ட ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக, பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவருமான மகேஸ்வரன், அவர் மனைவி நீலாவதி, அவர்களுடைய ஒரே மகளும் பீர் காய்ச்சியவளுமான நளினி, மாரியம்மன் கோயில் தலைவரும் திரிங்காப்பில் பூத்தோட்டமும் லோரிகளும் வைத்திருப்பவருமான நாகப்பன், அவர் மனைவி காளியம்மா, நாகப்பனின் லோரியை ஓட்டும் புவனேஸ், பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக்கடை நடத்தும் கமருஸ்ஸமான், கோலாலம்பூரிலிருந்து வந்த, பீரை ருசிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட வசந்தன், கோயில் கமிட்டி ஆட்கள் ஒரு பெஞ்சு நிறைய. வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் மலைக்குக் கீழே ரிங்லெட் வரை இருக்கிறார்கள். அவர்கள் கொட்டகைக்கு வெளியே நின்றவர்கள், அல்லது மறுநாள் கேள்விப்பட்டவர்கள்.

கமருஸ்ஸமான் மதுவைத் தொடாதவர். அவரைச் சாட்சியாக அழைத்ததே அதற்காகத்தான். குடிக்காதவர் எந்தப் பக்கமும் சாயமாட்டார் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. நாற்காலிகளும் தேநீரும் அவர் கடையிலிருந்து வந்தன. தீர்க்க வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று. மேட்டு டிவிஷன் மாரியம்மன் திருவிழாவில் முதல் மரியாதையாகப் பரிவட்டம் கட்டப்படுவது கங்காணியார் குடும்பத்து மூத்தவருக்கு. கோயிலுக்கு முதல் கல்லை வைத்தவர் மகேஸ்வரனின் பாட்டனார். அன்றிலிருந்து அந்தத் துணி வேறு தலையைக் கண்டதில்லை. நளினி பீர் காய்ச்சுகிறாள் என்ற செய்தி திரிங்காப்பை எட்டியதும், நாகப்பன் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, "பீரு காய்ச்சுற வீட்டுக்குப் பரிவட்டமா? நாளைக்கு ஆத்தா கேட்டா நான் என்னா பதில் சொல்றது?" என்று கேட்டார்.

"முனியாண்டிக்கு வருசா வருசம் ஸ்டவுட் பீரு போத்தல் வாங்கி வைக்கிறது யாரு நாகப்பா? நானா?" என்றார் மகேஸ்வரன்.

"அது சாமிக்கு, கிராணியாரே. இது யாவாரம்லா."

மகள் பீர் காய்ச்சுவது மகேஸ்வரனுக்கும் பிடிக்கவில்லை. மழைக்காலம் முழுக்க அவர் அவளோடு பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட மனைவியிடம் சொல்லி வாங்கிக்கொண்டார். ஆனால் வீட்டுக்குள் இருக்கும் கோபத்தை வெளியே எடுத்துவந்து பேசும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. அவர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கமிட்டி முழுக்க வந்து அதை ருசிபார்க்கட்டும் என்றார். "கேவலமான சரக்குன்னு பாதிக்கு மேல ஆளுங்க சொன்னா, பரிவட்டத்த நானே உங்க கையில குடுத்துடறேன். அதுக்கப்புறம் எங்க வீட்டுல யாரும் கேட்டு வரமாட்டாங்க."

இந்தப் பேச்சின் கனத்தைப் புரிந்துகொள்ள அந்த வீட்டின் உறைமோரைப் பற்றிச் சொல்லவேண்டும். பாட்டனார் நாமக்கல் பக்கத்திலிருந்து புறப்பட்டு மலாயாவுக்குக் கப்பலேறியபோது, வெள்ளைத் துணி ஒன்றைத் தயிரில் தோய்த்து நிழலில் உலர்த்தி, மடித்துப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். தேயிலை நடுவதற்குக் காடு வெட்டிய அந்தக் காலத்தில் மலைமேல் குளிர் இப்போதைவிட அதிகம். எந்த வீட்டிலும் பால் தயிராகவில்லை. காலையில் பார்த்தால் பால் பாலாகவே இருக்கும். பாட்டனார் துணியின் ஒரு மூலையைக் கிள்ளி இளஞ்சூடான பாலில் போட்டார். விடிந்தபோது பானையைக் கவிழ்த்தாலும் விழாத தயிர் இருந்தது. அதிலிருந்து அந்த வீட்டை எல்லோரும் உறைமோர் வீடு என்றே அழைத்தார்கள். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் பால் கிடைக்காதபோது கஞ்சித் தண்ணீரிலும் தேங்காய்ப் பாலிலும் ஊற்றி அதை உயிரோடு வைத்திருந்தார்கள். வீட்டில் யாருக்காவது கோபம் வந்தால் அது பொங்கி மூடியைத் தள்ளும். வீட்டில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் வரை புளிக்காது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் உள்ள அத்தனை வீட்டுத் தயிரும் அந்த வீட்டுத் தயிரின் பிள்ளைகள்தான். யார் கேட்டாலும் கொடுப்பார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு: மாலையில் விளக்கு வைத்துவிட்டால் உறைமோர் அடுப்படியை விட்டு வெளியே போகாது. யாருக்காகவும் போகாது. ஒருமுறை தோட்டத்துத் துரையின் சமையல்காரர் வந்து கேட்டபோதும் போகவில்லை.

காளியம்மா சுங்கை சிப்புட்டிலிருந்து கல்யாணமாகி அந்த லயத்துக்கு வந்த புதிதில், தன் கல்யாண விருந்தில் அந்தத் தயிரைச் சாப்பிட்டாள். அந்த வாரத்திலேயே, மறுநாள் மாமியார் வீட்டு ஆட்கள் விருந்துக்கு வருகிறார்கள் என்று, ஒரு சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு உறைமோர் வீட்டு வாசலுக்கு வந்தாள். நீலாவதி அப்போதுதான் விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்தாள். "விளக்கு வச்சாச்சு தாயி. விடியட்டும், நானே கொண்டாந்து தர்றேன்" என்றாள். அவளும் அப்போது அந்த வீட்டுக்கு வந்து அதிக நாள் ஆகாத மருமகள். விதியை மாற்றும் உரிமை அவளுக்கு இல்லை. காளியம்மா காலி டம்ளரோடு மூடுபனிக்குள் திரும்பி நடந்தாள். விருந்தில் தயிர் இல்லை. உறைமோர் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும் மருமகளுக்கு ஒரு கரண்டி தயிர் வாங்கத் துப்பில்லை என்று மாமியார் வீட்டார் சொன்னார்கள். நாகப்பன் அந்த ஆண்டே லயத்தை விட்டுப் போய், திரிங்காப்பில் சரிவான நிலத்தைப் பிடித்து முட்டைக்கோஸ் போட்டார், பிறகு செவ்வந்திப் பூ போட்டார், பிளாஸ்டிக் கூரை போட்டார், ஒரு லோரி வாங்கினார், பிறகு இன்னொன்று. அவருக்கு நரை வந்தது, கோயில் தலைவர் பதவி வந்தது. இரண்டு வீடுகளுக்கும் பேச்சு வரவில்லை. காளியம்மா அந்த டம்ளரில் தண்ணீர்கூட ஊற்றியதில்லை. தேய்த்துக் கழுவி அலமாரியில் கவிழ்த்தே வைத்திருந்தாள். தயிரைக் கடையில் டப்பாவாக வாங்கினாள்.

நளினி பினாங்கில் உணவு விஞ்ஞானம் படித்து, கோலாலம்பூரில் ஒரு பீர் ஆலையில் வேலை பார்த்து, பிறகு மலைக்கே திரும்பி வந்தவள். லைசன்ஸ் வாங்கினாள், கைவிடப்பட்டுக் கிடந்த கொழுந்து வாட்டும் கொட்டகையை வாடகைக்கு எடுத்தாள். அவள் காய்ச்ச நினைத்தது தேயிலை வாசம் கலந்த, எல்லோருக்கும் பிடிக்கும்படியான சாதாரண பீர். முளைகட்டிய பார்லியை ஊறவைத்து வடித்துக் கொதிக்கவைத்து, அந்த இனிப்புத் தண்ணீரை அகலமான தொட்டியில் ஆறவிட்டு, துணியால் மூடிவிட்டு, பஸ்ஸில் வந்திருந்த ஈஸ்ட் பார்சலை வாங்கத் தானா ராத்தாவுக்குப் போனாள். அன்று வெள்ளிக்கிழமை. நீலாவதி சாம்பிராணித் தட்டோடு ஒவ்வொரு அறையாகப் புகை காட்டிக்கொண்டே கொட்டகைக்கும் வந்தாள். தொட்டியின் துணியை விலக்கிப் பார்த்தாள். மங்கலான நிறத்தில், இனிப்பான வாசத்தோடு, ஏதோ ஒன்று உறைவதற்குக் காத்துக்கொண்டிருந்தது. சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். கை பொறுக்கும் சூடு. உறை ஊற்றுவதற்கு அதைவிடச் சரியான பக்குவம் இல்லை. பெண் உறை ஊற்ற மறந்துவிட்டாள் என்று நினைத்தாள். நளினி வரும்வரை காத்திருக்கவும் வழியில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, விளக்கு வைத்துவிட்டால் உறைமோர் அடுப்படியைத் தாண்டாது, விடிவதற்குள் இது ஆறிப்போகும். ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய்ப் பெரிய கரண்டி நிறைய எடுத்துவந்து ஊற்றினாள். ஒரு சுற்றுச் சுற்றிக் கலக்கினாள். அதன்பிறகுதான் போய் விளக்கேற்றினாள்.

நளினி திரும்பி வந்து, மேலே மிதந்த வெள்ளைத் தயிர்த் திரியைப் பார்த்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னாம்மா பண்ணி வச்சிருக்க? ஆறு மாசத்துக்கு வேண்டிய சரக்கும்மா இது!"

"நீதான்டி மறந்துட்ட. உறை ஊத்தாம வச்சா எப்படி உறையும்? படிச்சிருக்கியே, இதுகூடவா தெரியாது?"

கொட்டுவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. ஈஸ்ட்டையும் அதிலேயே சேர்த்து, பீப்பாய்களில் ஊற்றி, கொட்டகையின் பலகைச் சன்னல்களை ஒட்டி அடுக்கிவைத்தாள். அன்றிலிருந்து மாலைதோறும் மலைமேல் இறங்கிய மூடுபனி, பலகை இடுக்குகள் வழியாகக் கொட்டகைக்குள் போனது. போனது வெளியே வரவில்லை. மாதக்கணக்கில் கேமரன் மலையில் மூடுபனியே இல்லை. பிரிஞ்சாங்கில் பழைய ரேடார் நிலையத்துக் கோபுரம் நாள் முழுக்கத் தெரிந்தது. மூடுபனியைப் பார்க்க வந்த உல்லாசப் பயணிகள் ஹோட்டல்காரர்களிடம் குறைபட்டுக்கொண்டார்கள். கியா பார்மில் ஸ்ட்ராபெர்ரி சீக்கிரம் பழுத்தது. அந்த மாதம் தக்காளி விலையும் இறங்கியிருந்தது. மூடுபனி எங்கே போயிற்று என்று யாரும் அதிகம் யோசிக்கவில்லை. வெயில் அடித்தால் மலைமேல் எல்லோருக்கும் துணி காயப்போடும் வேலை இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் பீப்பாயின் அடைப்பைப் பிடுங்கினார்கள். பீருக்கு முன்னால் மூடுபனி வந்தது. கயிறு போலச் சுருண்டு வெளியேறி, கூரை வரை ஏறி, கொட்டகையை நிரப்பி, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் நின்றது. கமருஸ்ஸமான் தேநீர்க் குவளையைக் கையால் மூடிக்கொண்டார். நளினி தட்டுத்தடுமாறி ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறிய கிளாஸைக் கொடுத்தாள். மகேஸ்வரன் வாங்கவில்லை. அவர் வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. மகளுக்காகப் பேச வந்தவர், மகளுக்காகக் குடிக்க வரவில்லை.

வசந்தன்தான் முதலில் ருசித்தார். கண்ணை மூடி, வாயில் வைத்துச் சுழற்றி, விழுங்கிவிட்டு, நீண்ட மூச்சு விட்டார். "அற்புதம்! குதிரை மேல போடுற போர்வை வாசம் அப்படியே வருது" என்றார்.

பெஞ்சில் சலசலப்பு எழுந்தது. மகேஸ்வரன் நாற்காலியை விட்டு எழுந்தார். "தம்பி, யாரு வீட்டுக்கு வந்து என்னா பேசுறீங்க? எங்க வீட்டுல குதிரையே கிடையாது."

"ஐயா, ஐயா, இது பாராட்டு! பெல்ஜியத்துல இத சொன்னா கட்டிப்புடிப்பாங்க."

"அங்க போயி சொல்லுங்க."

இதற்குள் மற்றவர்களும் வாயில் வைத்துவிட்டார்கள். புளிப்பு நாக்கின் ஓரங்களைப் பிடித்து இழுத்தது. காது மடல் வரை ஏறியது. கமிட்டியில் பாதிப் பேர் விழுங்கினார்கள், பாதிப் பேர் துப்பினார்கள். விழுங்கியவர்களில் ஒருவர் இது மாங்காய் ரசத்தில் புளிக்கும் விளிம்பிப் பழத்தைப் பிழிந்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி இன்னொரு கிளாஸ் கேட்டார். துப்பியவர்களில் ஒருவர் தரை துடைத்த துணியைப் பிழிந்து கொடுத்துவிட்டார்கள் என்றார். புவனேஸுக்குப் பிடித்திருந்தது, ஆனால் முதலாளியின் பக்கம் பார்த்துவிட்டுப் பாதியை விழுங்கிப் பாதியைத் துப்பினான். நாகப்பன் ஒரு மடக்கு எடுத்து, முகத்தைச் சுளித்து, பலகை இடுக்கு வழியாக வெளியே துப்பினார். "கழுவாத காலுறைலா இது. இதயா பெரிய கிராணி வீட்டுல காய்ச்சுறாங்க?"

அப்போது மூடுபனி அசைந்தது. விழுங்கியவர்களைச் சுற்றி ஒரு கை தூரத்துக்கு விலகிப்போய், துப்பியவர்களின் தோள்களில் துண்டு போட்டது போல உட்கார்ந்தது. புவனேஸுக்கு இடது தோளில் மட்டும் உட்கார்ந்தது. வசந்தனைச் சுற்றி வெயில் போல வெளிச்சம். கமருஸ்ஸமானையும் மகேஸ்வரனையும் அது ஒன்றும் செய்யவில்லை; எல்லா நாளும் போல அவர்களைத் தொட்டும் தொடாமலும் போய்வந்தது. நாகப்பன் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் குவியல் மட்டும் தெரிந்தது. அவரை ஒட்டி அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த காளியம்மா மட்டும், மழை கழுவிய கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோலத் துலக்கமாகத் தெரிந்தாள். அவள் கிளாஸ் காலியாக இருந்தது. பெஞ்சின் நடுவே, புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் இடையில், மூடுபனி கத்தியால் வெட்டியது போல நின்றது.

"எப்படிக்கா இருக்கு?" என்று நளினி கேட்டாள்.

காளியம்மா நீலாவதியின் முகத்தைப் பார்த்தபடி, "இது உறைமோர் வீட்டுப் புளிப்பு" என்றாள். "எனக்குத் தெரியாதா? என் கல்யாணத்துல சாப்பிட்டது."

"அதெப்படி தெரியும்? ஒரு நாளுதானே சாப்பிட்ட?" என்றது வெள்ளைக் குவியல்.

"ஒரு நாளு சாப்பிட்டுட்டு மிச்ச நாளெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தா தெரியும்." அவள் கிளாஸை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்து புள்ள."

கமருஸ்ஸமான் பெஞ்சை இரண்டு முறை எண்ணினார். "ரெண்டு பக்கமும் சமம்" என்றார். "காளியம்மாக்கா கமிட்டியில இல்ல, அதனால அவங்க கணக்குல வரமாட்டாங்க. இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்கண்ணே. நான் தேத்தண்ணி ஊத்த வந்த ஆளு." பாதிக்கு மேல் யாரும் கேவலம் என்று சொல்லவில்லை, ஆகவே தான் தோற்கவில்லை என்றார் மகேஸ்வரன். பாதிக்கு மேல் யாரும் நல்லது என்றும் சொல்லவில்லை, ஆகவே ஜெயிக்கவும் இல்லை என்றார் நாகப்பன். முடிவில், பரிவட்டத்தை அம்மன் முன்னால் தட்டில் மடித்து வைப்பது, திருவிழா அன்று அதை யார் தலைக்கும் கட்டாமல் விடுவது என்று ஏற்பாடாயிற்று. மகேஸ்வரன் தலையாட்டிவிட்டு வெளியே போனார். நடையில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் அன்று சாப்பாட்டு மேசையில், "அந்த உப்பை இப்படித் தள்ளு" என்று மகளிடம் நேராகக் கேட்டார்.

அதன்பிறகு மலையில் வாழ்க்கை அந்த ஏற்பாட்டோடு பழகிக்கொண்டது. மற்ற பீப்பாய்களும் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. ஆசைப்பட்டவர்கள் வந்து குடித்தார்கள், சிலர் விழுங்கினார்கள், சிலர் துப்பினார்கள், மூடுபனியும் அதன்படியே போய்ச்சேர்ந்தது. கமருஸ்ஸமான் கடையில் துப்பியவர்களுக்கு ரொட்டிக் கல்லை ஒட்டி மேசை போட்டார்கள். அந்தச் சூட்டில் கொஞ்சம் முகம் தெரியும். விழுங்கியவர்களை வீட்டில் துணி காயவைக்க அழைத்தார்கள். வசந்தன் எடுத்துப்போன போத்தல்கள் ஏதோ ஒரு நாட்டுப் போட்டிக்குப் போயின. அங்கே நடுவர்களில் பாதிப் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள், பாதிப் பேர் எழுந்து வெளியே போனார்கள். நாகப்பன் வீட்டில் அடுப்படியும் காளியம்மா நடமாடும் இடமும் பளிச்சென்று இருந்தன. நாகப்பன் உட்காரும் இடம் எதுவோ அங்கே மூடுபனி இருந்தது. அவர் செருப்பைத் தேடி மனைவியைக் கூப்பிடுவார். அவள் வந்து நின்றால் செருப்பு தெரியும், போனால் மறையும். "ஒரு வாய் முழுங்கித் தொலைங்களேன்" என்றாள் அவள். "புடிக்கலன்னா புடிக்கலதான்" என்றார் அவர். நாகப்பன் பிடிவாதக்காரர், ஆனால் பொய் சொல்பவர் அல்ல. இது அவர் எதிரிகளும் ஒப்புக்கொண்டது.

துப்பியவர்களில் பெரும்பாலோர் திரிங்காப்பில் இருந்ததால் மூடுபனி அங்கே சேர்ந்துகொண்டே போனது. திருவிழா நாளன்று நடுப்பகலில் ஓட்டுநர்களுக்குத் தங்கள் லோரியின் முகப்பு விளக்கே தெரியவில்லை. அம்மனுக்கான பூ முழுவதும் வருடந்தோறும் நாகப்பன் தோட்டத்திலிருந்துதான் போகும். செவ்வந்தி கூடைகளில் கட்டி ஏற்றியாயிற்று. புவனேஸ் இன்ஜினை ஓடவிட்டு, வலது பக்கச் சன்னலை மட்டும் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேட்டு டிவிஷனிலிருந்து பூசாரி போன் மேல் போன் போட்டார். பூ இல்லாமல் அலங்காரம் இல்லை, அலங்காரம் இல்லாமல் ரதம் நகராது. அம்மனைக் காக்க வைத்த தலைவர் என்ற பேர் தனக்கு வரப்போகிறதே என்று நாகப்பன் முன் இருக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

காளியம்மா வீட்டுக்குள் போனாள். கவிழ்த்து வைத்திருந்த சில்வர் டம்ளரை எடுத்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, லோரியின் முன்னால் போய் நின்றாள். மூடுபனி சாலையின் இரு ஓரங்களுக்கும் ஒதுங்கியது. "வண்டிய எடுடா புவனேஸு. நான் நடக்கிறேன், நீ பின்னால வா. ஹாரன் அடிச்சின்னா செருப்பு பிஞ்சிடும்."

அவள் நடந்தாள், லோரி பின்னால் ஊர்ந்தது. அதைப் பார்த்துக் காய்கறி லோரிகள் அதன் பின்னால் சேர்ந்துகொண்டன. அவற்றின் பின்னால் பள்ளி வேன், சமையல் கேஸ் சிலிண்டர் ஏற்றிய வண்டி, வழி தெரியாமல் நின்றிருந்த ஒரு சிங்கப்பூர்க் கார். மேலே ஏற ஏற அவள் முன்னால் திறந்த வழி அகலமாகிக்கொண்டே வந்தது. கியா பார்மில் கடைக்காரர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு ஓரத்தில் வந்து நின்றார்கள். சோளம் விற்கும் சரோஜா, "எங்கக்கா இவ்வளவு தூரம் நடந்தே?" என்று கேட்டாள்.

"உறைமோர் வாங்க" என்றாள் காளியம்மா. நிற்கவில்லை.

பிரிஞ்சாங்கில் கமருஸ்ஸமான் கடையிலிருந்து ஓடிவந்து ஒரு குவளைத் தேநீரைக் கொடுத்தார். நடந்துகொண்டே குடித்துவிட்டுக் குவளையைப் பின்னால் வந்த லோரியின் சன்னல் வழியாக நாகப்பனிடம் கொடுத்தாள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தேயிலைச் சரிவுகளுக்குள் சாலை திரும்பியபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. மேட்டு டிவிஷனில் கூடியிருந்தவர்கள் கீழே பார்த்தார்கள். வெள்ளையாகக் கிடந்த மூடுபனிக்குள் ஒரு வகிடு மேல்நோக்கி நகர்ந்து வந்தது. முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு வகிட்டின் நுனியில் ஒரு சேலையின் நிறம் தெரிந்ததும் உறுமி மேளக்காரர்கள் சொல்லாமலே அடிக்கத் தொடங்கினார்கள்.

கோயிலுக்குப் போகும் வழியில்தான் உறைமோர் வீடு இருக்கிறது. காளியம்மா அதன் வாசலில் நின்றாள். அவள் நின்றதால் லோரி நின்றது. லோரி நின்றதால் பிரிஞ்சாங் வரை எல்லாம் நின்றது. நீலாவதி வாசலில்தான் இருந்தாள். காளியம்மா டம்ளரை நீட்டினாள். நீலாவதி அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய், விளிம்பு வரை நிரப்பி, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"லேட்டாயிடுச்சு" என்றாள் காளியம்மா.

"வந்துட்டல்ல" என்றாள் நீலாவதி.

காளியம்மா டம்ளரைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு கோயில் வரை நடந்தாள். பூக்கூடைகள் இறங்கின. நாகப்பன் லோரியிலிருந்து இறங்கி, தோளில் மூடுபனியோடு, நேராக அம்மன் சன்னதிக்குப் போய்த் தட்டில் இருந்த பரிவட்டத்தை எடுத்தார். கமிட்டி ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்தப் பீரைக் காளியம்மா விழுங்கியிருக்காவிட்டால் அந்தப் பூ வந்திருக்காது என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். அவர் மகேஸ்வரன் முன்னால் வந்து நின்றார்.

"பீரு எனக்குப் புடிக்கல, கிராணியாரே. இப்பவும் சொல்றேன், கழுவாத காலுறைதான். ஆனா கேவலமான சரக்கு இல்ல. கேவலமான வீட்டுல காய்ச்சுனதும் இல்ல."

"புடிக்கலன்னு துப்புனது தப்பில்ல நாகப்பா. பொய் சொல்லி முழுங்கலையே நீ. கட்டு."

மகேஸ்வரன் தலையைக் குனியவில்லை. குனியும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. நாகப்பன் குதிகாலைத் தூக்கி எட்டிக் கட்டினார். கட்டி முடித்ததும் மகேஸ்வரன் மகளைக் கூப்பிட்டுத் தன் வலது பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். ரதம் புறப்பட்டது. விழுங்கியவர்கள் முன்னால் நடந்தார்கள், துப்பியவர்கள் பின்னால் நடந்தார்கள், நடுவில் வழி பகல் போலத் தெரிந்தது. அன்றிலிருந்து ரதம் அந்த ஒழுங்கில்தான் போகிறது.

இப்போதும் நாகப்பனின் தோளில் மூடுபனி இருக்கிறது. செவ்வந்திக்கு அது நல்லது என்கிறார். அவர் உட்காரும் பக்கத்துப் பூ மற்ற பூவைவிட அதிக நாள் வாடாமல் இருப்பதும் உண்மைதான். காளியம்மா வீட்டில் தினமும் தயிர் உறைகிறது. நளினி அடுத்த பீப்பாய்களை அடுக்கிவிட்டாள். மலையில் மறுபடியும் மூடுபனி குறைந்திருக்கிறது. உல்லாசப் பயணிகள் குறைபட்டுக்கொள்கிறார்கள்.

திருவிழா அன்று லயத்து வீடுகள் அத்தனையிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்த நேரத்தில் காளியம்மா உறைமோர் வாங்கினாள், ஆகவே நீலாவதி குடும்பத்தின் கட்டுப்பாட்டை மீறிவிட்டாள் என்று ஒரு பேச்சு லெம்பா பெர்த்தாம் வரை பரவியிருக்கிறது. அது தவறு. விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டிலிருந்து உறைமோர் வெளியே போனதில்லை. அன்று மூடுபனிக்குள் வகிடு மேலே ஏறி வருவதைப் பார்த்ததிலிருந்து, நீலாவதி தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். காளியம்மா டம்ளரோடு படியிறங்கிய பிறகுதான் குச்சியைக் கிழித்தாள்.